அறுபத்து நான்கு கிணறுகள்

கல்லல்,
6.11.2024

அன்புள்ள பிரியாவுக்கு,

யோகம் எழுதுகிறேன். உன் எக்ஸெல் வண்டியின் பின்னால் தண்ணீர்ப் பாட்டில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஊர் ஊராகச் சுற்றினேனே, அந்த யோகம்தான். உன் பழைய நம்பருக்கு அடித்தால் யாரோ ஒருவர் இந்தியில் திட்டுகிறார். அதனால் இரண்டு வருடத்துக்கு முன் நீ அனுப்பிய புதுமனை புகுவிழாப் பத்திரிகையைத் தேடியெடுத்து, அதில் இருந்த விலாசத்துக்கு எழுதுகிறேன். விழாவுக்கு நான் வராத கோபம் இன்னும் இருக்கிறதா? அன்றைக்கு என் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். இல்லாவிட்டால் முதல் ஆளாக வந்து உன் அடுப்படியில் நின்றிருப்பேன்.

உன் வீட்டுக்காரரும் மகளும் நன்றாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று எழுத முடியவில்லை, பிரியா. எங்கள் கண்மாயை இப்போது பார்த்தால் நீ வாந்தி எடுப்பாய். ஊதா நிறத்தில் ஒரு ஆடை படிந்து கிடக்கிறது. காலை வைத்தால் கணுக்கால் வரை வழவழவென்று ஒட்டிக்கொள்கிறது, சோப்புக்கும் போவதில்லை. அழுகிய முட்டையைப் பெனாயிலில் போட்டுக் கலக்கினால் வரும் வாடை. கிணற்றுத் தண்ணீரில் சோறு வடித்தால் மஞ்சள் பூத்து நிற்கிறது, டீ போட்டால் பால் திரிந்துவிடுகிறது. எங்கள் பசுமாடு தொட்டியில் வாயை வைத்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. மாடு குடிக்காத தண்ணீரில்தான் நாங்கள் குளிக்கிறோம். குளித்து முடித்தால் உடம்பெல்லாம் அரிப்பு.

எல்லாம் கண்மாய்க்கு மேற்கே வந்த சாய ஆலையின் வேலை. 2007-இல் அந்த ஆலைக்கு அனுமதி வாங்குவதற்காகத்தானே உன் கம்பெனி நம்மை அனுப்பித் தண்ணீர் எடுக்கச் சொன்னது? இப்போது ஊரார் மனுக் கொடுத்து, ஜனவரி 22-ஆம் தேதி சிவகங்கையில் விசாரணை. அதில் ஆலைக்காரர்கள் நம் அறிக்கையைத்தான் காட்டியிருக்கிறார்கள். "ஆலை வருவதற்கு முன்பே இந்தப் பகுதியின் நிலத்தடி நீர் உப்பு, குடிக்கத் தகுதியற்றது" என்று இருக்கிறதாம். கடைசிப் பக்கத்தில் "களப்பணி: யோகலட்சுமி, தொகுப்பு: சத்தியப்பிரியா" என்று நம் இரண்டு பெயரும், கீழே உன் கையெழுத்தும்.

அதைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசிவிட்டது. அறுபத்து நான்கு கிணற்றில் ஒன்றுகூட உப்பு இல்லையே! சென்னையில் எவனோ மாற்றி எழுதிவிட்டு உன் கையெழுத்தையும் திருடிப் போட்டிருக்கிறான். ஊரில் யார் இதை நம்புகிறார்கள்? ஆட்டுக்கார மருது அண்ணன் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்டார்: "ஏத்தா, எங்க தண்ணிய எங்க கையாலயே வாங்கிக் குடிச்சீக. அங்குட்டுப் போயி உப்புன்னு எழுதிட்டீகளா?"

ஆனால் ஒன்று இருக்கிறது. ஆய்வு முடிந்த அன்று, கேபிள் சொருகும் இடம் உடைந்துவிட்டது, இனி கம்பெனிக்கு வேண்டாம் என்று நீ என்னிடம் கொடுத்துவிட்டுப் போன அந்தக் கையடக்கக் கம்ப்யூட்டர், நம் பி.டி.ஏ., என் பீரோவில் இருக்கிறது. சார்ஜ் போடும் துளை தனி என்பதால் சார்ஜ் ஏற்றினேன். உயிர் வந்துவிட்டது! நம் சர்வே புரோகிராம் மட்டும் காலாவதி ஆகிவிட்டது என்று திறக்க மறுக்கிறது. தகவலை அப்படியே கம்ப்யூட்டருக்கு மாற்றினால் படிக்கலாம் என்கிறார்கள். கேபிள் வழி இல்லை. மெமரி கார்டு போடும் இடமும் துருப்பிடித்துவிட்டது.

அப்போது நீ தங்கியிருந்த லாட்ஜில் சாயங்காலம் உன் லேப்டாப்பையும் இதையும் எதிரெதிரே வைத்து, நடுவில் மோடம் எதுவும் இல்லாமல், காற்றிலேயே இணைப்பாயே, 'அட் ஹாக்' என்பாயே, அதை எப்படிச் செய்வது? அதன் பெயர், சாவி எண், மற்ற விவரமெல்லாம் எழுது. என்னிடம் நாத்தனார் மகள் பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப் இருக்கிறது. உன் போன் நம்பரையும் எழுது.

உன் பதிலுக்காகத் தபால்காரரை வழிமறித்துக்கொண்டிருக்கும்,
யோகம்


சென்னை,
15.11.2024

என் செல்ல யோகத்துக்கு,

உன் கையெழுத்தைக் கண்டதும் அலுவலகப் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே படித்தேன். அதே சாய்ந்த எழுத்து, அதே நீட்டல். கோபமா? உன்மேலா? நீ வராத அன்றைக்கு விருந்தில் ஒருவாய்கூட எனக்கு ருசிக்கவில்லை.

ஊர் நிலைமையைப் படித்து மனசு கசந்துவிட்டது. நான் இப்போது வேறு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறேன். பழைய கம்பெனியை இழுத்து மூடிப் பத்து வருடம் ஆகிறது. அந்த அறிக்கையில் யார் என்ன செய்தார்கள் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. உன்மேல் ஊரார் போடும் பழி நாளடைவில் மறந்துபோகும். நீ ஏன் இதில் தலையைக் கொடுக்கிறாய்?

அந்தப் பழைய குப்பையை இன்னுமா வைத்திருக்கிறாய்? பேட்டரி வீங்கி வெடித்துவிடும், முதலில் தூக்கிப் போடு. கேட்கமாட்டாய் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். இணைப்பின் பெயர் KINARU. சாவி 260720071. லேப்டாப்பில் புதிய அட் ஹாக் இணைப்பை உருவாக்கி இவற்றைக் கொடு, பி.டி.ஏ.விலும் அதையே கொடு. ஐ.பி. முகவரி என்று கேட்டால் ஒன்றும் எழுதாதே, தானாக எடுத்துக்கொள்ளும். நெட்வொர்க் கார்டு எதோடு இணைகிறது என்று கேட்கும், 'இன்டர்நெட்' என்று கொடு. பிறகு லேப்டாப்பின் ஃபோல்டரை அதிலிருந்து திறக்கலாம்.

போன் வேண்டாம், யோகம். என் போனை அலுவலகத்தில் பலர் பார்க்கிறார்கள். உன் கடிதம்தான் எனக்கு வேண்டும். இந்தக் காலத்தில் இப்படி எழுத எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உன்னை என்றும் மறவாத,
பிரியா


கல்லல்,
26.11.2024

அன்புள்ள பிரியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ பதில் எழுதியதே பாதி பலம்.

உன் சொல்படி செய்தேன். அதற்கு முன் இந்தச் சனியனைக் கையில் பிடிக்க நான் பட்ட பாட்டைக் கேள். முதுகில் இருந்த ரப்பர் உருகிப் பாகாக ஒழுகியிருக்கிறது. தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டி, இழுத்தால் நூல் விடுகிறது. உறைக்குள் கரப்பான் முட்டை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனால், குழாயில் அந்த நாற்றத் தண்ணீர். எது எதைச் சுத்தம் செய்கிறது என்று தெரியாமல் சிரித்துவிட்டேன். அப்புறம் அழுகை வந்தது. எழுதும் குச்சி தொலைந்துபோனதால் பல்குத்தும் குச்சியால் திரையைத் தட்டுகிறேன்.

சாவியில் ஒரு எண்ணை விட்டுவிட்டாய் போலிருக்கிறது. பத்து எழுத்து வேண்டும் என்கிறது, நீ எழுதியது ஒன்பதுதான். நாத்தனார் மகள்தான் சொன்னாள்: "அத்தை, பழசே வேணும்னு இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே பேரு, ஒரே சாவி இருந்தாப் போதும்." அதனால் நானே ஒரு பெயரும் பத்து எண்ணும் வைத்தேன். உடனே ஒன்றையொன்று கண்டுகொண்டுவிட்டன! பி.டி.ஏ.வில் 'இணைந்தது' என்று வந்தது. நான் போட்ட கூச்சலில் அடுப்படியிலிருந்து என் மாமியார் ஓடி வந்துவிட்டார்.

ஆனால் அதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை. லேப்டாப்பின் ஃபோல்டரைத் திறக்கச் சொன்னால் 'பாதை கிடைக்கவில்லை' என்கிறது. நாற்பது தடவை பார்த்திருப்பேன். பேச்சுவார்த்தை இல்லாத புருஷன் பெண்டாட்டி ஒரே வீட்டில் இருப்பது மாதிரி, இணைந்து இருக்கின்றன, ஒன்றும் பரிமாறுவதில்லை. அந்த 'இன்டர்நெட்' சரிதானா? நன்றாக யோசித்து எழுது.

இங்கே நிலைமை கெட்டுக்கொண்டே போகிறது. மருது அண்ணனின் ஆடுகள் ஐந்து செத்துவிட்டன. வாயில் ஊதா நுரை. கரையில் கிடந்து வீங்கியதை நான் பார்த்தேன், இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் லாரி வரிசையில் நான் போய் நின்றால் எனக்கு முன்னால் இருப்பவள் தன் குடத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறாள். யாரும் திட்டுவதில்லை. என் வீட்டுக்காரர் அழகுராஜா வாய் பேசாத மனுஷர், அவரே நேற்று கேட்டுவிட்டார்: "நீ உண்மையிலயே எழுதலயில்ல?" பதினெட்டு வருடம் என்னோடு இருக்கிறவர் பிரியா! ரேஷன் கார்டில் என் பெயரைக் கண்டால்கூட இப்போது கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

ஊர் சார்பில் வாதாடும் வக்கீல் சொல்கிறார், பழைய கோப்பு தேதியோடு கிடைத்தால் போதும், அறிக்கை பொய் என்று காட்டிவிடலாம் என்று. நீயும் ஒரு நாள் வந்து, அது என் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? எங்கள் வீட்டில் தங்கு. உனக்குக் கேன் தண்ணீரில் சமைக்கிறேன்.

உன்,
யோகம்


சென்னை,
5.12.2024

என் யோகம்,

உன் கடிதத்தைப் படித்து இரவெல்லாம் தூங்கவில்லை. அந்த ஆடுகளைப் பற்றி எழுதியதை என் மகளிடம் மறைத்துவிட்டேன்.

ஜனவரியில் வருவது நடக்காது. அந்த வாரம் முழுக்க டெல்லியில் கூட்டம். கையெழுத்து விஷயத்தை இப்போது கிளறினால் உனக்குத்தான் தலைவலி. நீ பாவம்.

பி.டி.ஏ. பற்றி நன்றாக யோசித்துப் பார்த்தேன். குறை இணைப்பில் இல்லை. உள்ளே பழைய நெட்வொர்க் குப்பை சேர்ந்து அடைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரே வழி ரீசெட். திரைக்குக் கீழே இடமும் வலமும் இருக்கிற இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்திக்கொள். விடாமல், முதுகில் இருக்கும் சின்னத் துளையில் ஊசியால் ஒரு குத்து குத்து. ஆங்கிலத்தில் ஏதாவது வரும். அது எப்போதும் வருவதுதான், படித்துக் குழம்பாதே. பச்சை பட்டனை அழுத்து. பத்து நிமிடத்தில் புதுசு மாதிரி ஆகிவிடும். உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கப்புறம் இணைத்துப் பார்.

செய்துவிட்டு உடனே எனக்கு ஒரு வரி எழுது. காத்திருப்பேன். உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணு. அரிப்புக்கு ஒரு களிம்பு இந்தக் கடிதத்தோடு பார்சலில் வைத்திருக்கிறேன், இரண்டு வேளை தடவு.

உன் நலனையே நினைக்கும்,
பிரியா


கல்லல்,
16.12.2024

பிரியா,

ஒரு வரி எழுதச் சொன்னாய். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே, மதியச் சாப்பாட்டுக்கு முன், இரண்டு பட்டன்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊசியால் குத்தினேன். நீ சொன்ன மாதிரியே ஆங்கிலத்தில் நாலு வரி வந்தது. படித்துக் குழம்பாதே என்று எழுதியிருந்தாய். நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள் என்பது உனக்கு மறந்துவிட்டது. படித்தேன். 'இதில் உள்ள எல்லாத் தகவல்களும் புரோகிராம்களும் அழிக்கப்படும். சம்மதம் என்றால் பச்சை பட்டனை அழுத்தவும். வேண்டாம் என்றால் வேறு எதையாவது அழுத்தவும்.'

என் கட்டைவிரல் பச்சை பட்டனுக்கு மேலேதான் இருந்தது. சிவப்பை அழுத்தினேன். அப்போதும் உன்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பாவம், பழைய நினைவில் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததை எழுதவே இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் டவுன் பஸ் பிடித்துக் காரைக்குடிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வேல்பாண்டி என்று ஒருவர் பழைய கம்ப்யூட்டர்களை ரிப்பேர் பார்க்கிறார். அவரிடம் உன் கடிதத்தில் அந்தப் பகுதியை மட்டும் காட்டினேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாருக்கா இதச் சொன்னது? பச்சைய மட்டும் அமுக்கியிருந்தீகன்னா இது அன்னைக்குப் பொறந்த புள்ள மாதிரி ஆயிருக்கும். ஒன்னும் மிஞ்சியிருக்காது."

"என் சிநேகிதிதான். அவளுக்குத் தெரியாம எழுதிட்டா."

"தெரியாதவகளுக்கு இம்புட்டு கரெக்டா எந்தப் பட்டன்னு தெரியுமாக்கா?"

அவர் அதை வம்புக்குச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, திருப்புளியை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கக் குனிந்துவிட்டார். நான் உன் கடிதத்தை எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

வேலை அரைமணி நேரம்கூட இல்லை. தானாக முகவரி எடுத்துக்கொள்ளும் என்றாயே, எடுக்காது. நடுவில் மோடம் இல்லாதபோது முகவரி கொடுக்க யாரும் இல்லையாம். லேப்டாப்புக்கு ஒரு எண், பி.டி.ஏ.வுக்கு அதற்கு அடுத்த எண் என்று கையாலேயே எழுதினார். 'இன்டர்நெட்' என்று நீ சொன்ன இடத்தில் 'வொர்க்' என்று மாற்றினார். "இன்டர்நெட்டுன்னு குடுத்தா பக்கத்துல இருக்குற கம்ப்யூட்டர அது சீந்தாதுக்கா," என்றார். லேப்டாப்பின் ஃபயர்வாலைக் கொஞ்ச நேரம் அணைத்து வைத்தார். ஃபோல்டர் திறந்துவிட்டது. ஒன்பது எண் சாவி, தானாக வரும் முகவரி, இன்டர்நெட், ரீசெட். நீ சொன்னதில் ஒன்றுகூடச் சரி இல்லை, பிரியா. எல்லாமே தப்பாகப் போவதற்கும் எவ்வளவு கவனம் வேண்டியிருக்கும்!

கோப்புகள் வந்துவிட்டன. இரண்டு.

முதல் கோப்பு என்னுடையது. ஜூன், ஜூலை. ஒவ்வொரு கிணறாக நின்று நான் தட்டியது. எங்கள் வீட்டுக் கிணற்றில் உப்பளவு 480, ஐந்நூறுக்குள் இருந்தால் நல்ல தண்ணீர். வாடை இல்லை, நிறம் இல்லை. நீ வந்த அன்று அந்தக் கிணற்று மேட்டில் நின்று, "இப்படி ஒரு தண்ணிய நான் குடிச்சதே இல்லடி," என்று மூன்று சொம்பு குடித்தாய்.

இரண்டாவது கோப்பு ஆகஸ்ட் 18. என் மகளுக்குக் காய்ச்சல் என்று நான் வராமல் இருந்தேனே, இரண்டு நாள் வைத்திருந்து தருகிறேன் என்று நீ பி.டி.ஏ.வை வாங்கிக்கொண்டு போனாயே, அந்த நாள். அதே அறுபத்து நான்கு கிணறு, அதே வரிசை. எங்கள் வீட்டுக் கிணறு 2,280. மருது அண்ணன் கிணறு 2,410. குறிப்பில் 'குடிக்கத் தகுதியற்றது, துர்வாடை'. எல்லாம் ஒரே பிற்பகலில், இரண்டு மணி நேரத்துக்குள்.

வேல்பாண்டி ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் தானாகப் பதிந்திருந்த ஜி.பி.எஸ். இட எண்களைத் தன் போனில் வரைபடத்தில் போட்டுப் பார்த்தார். என் கோப்பில் ஊர் முழுக்கப் புள்ளிகள் சிதறி விழுந்தன. உன் கோப்பில் அறுபத்து நான்கும் ஒரே இடத்தில் விழுந்தன. "என்னக்கா இது, எல்லாக் கெணறும் லாட்ஜுக்குள்ள இருக்கு?" என்றார்.

அவர் கடை வாசலில் போய் வாந்தி எடுத்தேன். கண்மாயைப் பார்த்தும், அந்த ஆடுகளைப் பார்த்தும்கூட எடுக்கவில்லை. அந்த ஒற்றைப் புள்ளியைப் பார்த்து எடுத்தேன். வேல்பாண்டியின் மனைவி ஓடி வந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

களிம்பைத் தடவவில்லை. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

யோகலட்சுமி


சென்னை,
24.12.2024

யோகம்,

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிற தகுதிகூட எனக்கு இல்லை. ஆனாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு மேனேஜர் லாட்ஜுக்கே வந்துவிட்டார். இந்த அளவுகளோடு அறிக்கை போனால் ஆலைக்காரன் நம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போவான் என்றார். மாற்றிக் கொடுத்தால் எனக்கு நிரந்தர வேலை, இல்லையென்றால் அடுத்த வாரமே வீட்டுக்குப் போகலாம் என்றார். புரோகிராம், பி.டி.ஏ.விலிருந்து வரும் தகவலைத்தான் ஏற்கும். அதனால் அங்கேயே உட்கார்ந்து அடித்தேன். எனக்கு இருபத்தாறு வயது, யோகம். பாதி ஆலைகள் காகிதத்திலேயே நின்றுவிடும், இதுவும் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேபிள் வாய் உடைந்திருந்தது, காற்றில் இணைக்க உனக்குத் தெரியாது, அதனால் இனி யாரும் அதைத் திறக்க முடியாது என்று நினைத்து உன்னிடமே கொடுத்துவிட்டேன். அந்த வேலையில் ஏறித்தான் இன்றைக்கு இந்த இடத்தில் இருக்கிறேன்.

ஒரே ஒரு உதவி. முதல் கோப்பை மட்டும் கொடு. அறிக்கை பொய் என்று காட்ட அது போதும், உன் பெயரும் சுத்தமாகிவிடும். இரண்டாவதைக் கொடுத்தால் என் வேலை போகும், என்மேல் வழக்கு வரும். என் மகள் இந்த வருடம் பிளஸ் டூ. அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

உன் ஊருக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும். எங்கள் கம்பெனியின் தர்மக் கணக்கில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று உங்கள் ஊரில் வைக்க ஏற்பாடு செய்கிறேன். நீயே திறந்து வை. கருணை வை, யோகம்.

பிரியா


கல்லல்,
30.12.2024

பிரியா,

இரண்டு கோப்பையும் வக்கீலிடம் கொடுத்தாகிவிட்டது. உன் கடிதங்களையும் கொடுத்துவிட்டேன். களிம்பைப் பற்றி எழுதியிருந்தாயே, அது உட்பட.

இயந்திரம் வேண்டாம். உன் பெயர் எழுதிய குழாயில் என் மகள் தண்ணீர் பிடிக்க மாட்டாள்.

உனக்கு இருபத்தாறு வயது என்றால் எனக்கு அன்றைக்கு இருபத்து நான்கு. எனக்கும் நிரந்தர வேலை இல்லை.

ஜனவரி 22, காலை பதினொன்றரை, சிவகங்கை கலெக்டர் ஆபீஸ். கூட்டத்தை விட்டுவிட்டு வா. கோப்பைப் பார்த்து அவர்கள் உன்னைக் கூப்பிட்டு வரவழைப்பதற்கு முன் நீயே வந்து சொல். உன் மகளிடமும் அதற்கு முன் சொல்லிவிடு. நான் சொல்வதற்கு இவ்வளவுதான்.

யோகலட்சுமி


கல்லல்,
25.1.2025

சத்தியப்பிரியாவுக்கு,

நீ வருவாய் என்று நான் நினைக்கவில்லை. கடைசி வரிசையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தது நீதான் என்று, எழுந்து நின்று பேச ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. ஆலை வக்கீல் உன்னை உட்காரச் சொல்லி மூன்று தடவை கத்தினார். நீ உட்காரவில்லை. "அந்த அளவுகளை நான் ஒரு கிணற்றையும் பார்க்காமல் அறையில் உட்கார்ந்து எழுதினேன். யோகலட்சுமிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை," என்று சொன்னாய். குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. அதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

அறிக்கையைத் தள்ளிவிட்டார்கள். புதிதாகத் தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்கப் போகிறார்கள். அதுவரை ஆலையின் கழிவு வாய்க்காலை மூடச் சொல்லி உத்தரவு. நேற்று வந்து சிமெண்ட் பூசி அடைத்துவிட்டார்கள். கண்மாய் அப்படியேதான் நாறுகிறது. இன்னும் எத்தனை வருடம் நாறுமோ தெரியாது. தண்ணீர் லாரி வரிசையில் நேற்று ஒருத்தி என் குடத்தையும் சேர்த்து நகர்த்தி வைத்தாள். விசாரணை அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் தானே காய் நறுக்கினார்.

வெளியே வந்ததும் மருது அண்ணன் உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தாயி, ஒத்துக்கிட்டீகளே, அதுவே போதும். நல்லா இருப்பீக," என்றார். ஆட்டைப் பறிகொடுத்த மனுஷர். நீ அழுதாய். எங்கள் ஊர்ப் பெண்கள் உனக்குப் பாட்டிலில் தண்ணீர் கொடுத்தார்கள். நான் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் உன் பக்கத்தில் வர வேண்டும் என்று இருந்தது. கால் வரவில்லை.

ஏன் என்று மூன்று நாளாக என்னையே கேட்டுப் பார்த்தேன். லாட்ஜில் உட்கார்ந்து நீ எழுதியதை என்னால் விட்டுவிட முடிகிறது. பயந்தாய், வேலை வேண்டியிருந்தது, செய்துவிட்டாய். அதை மருது அண்ணன் மன்னித்தால் நானும் மன்னிக்கிறேன். என்னால் விழுங்க முடியாதது, நாற்பத்து மூன்று வயதில், வீடும் வாசலுமாக இருந்துகொண்டு, என்னைக் 'கண்ணு' என்று எழுதி, அதே காகிதத்தில் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்றும் எழுதினாயே, அதுதான். என் கையாலேயே என் பெயரைக் கொல்லச் சொல்லிவிட்டு, அரிப்புக்குக் களிம்பும் வைத்து அனுப்பினாய். ஊரில் எல்லோரும் உன்னை ஒரு குற்றம் செய்தவளாகப் பார்க்கிறார்கள். அந்தக் கடிதத்தை வாங்கியவள் நான் ஒருத்திதான்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தால் நல்லது, கோபம் தணியும். இது அருவருப்பு. உன் கடித உறையை நாக்கால் நனைத்து நீ ஒட்டியிருப்பாய் என்று நினைத்தால்கூட என் கையைத் துடைத்துக்கொள்கிறேன். இப்படி எழுதுவது கொடுமைதான். வேறு எப்படி எழுதினாலும் பொய்யாகிவிடும்.

உன் வேலை போய்விட்டதாக வக்கீல் சொன்னார். உன் மகள் நன்றாகப் பரீட்சை எழுதட்டும். இதை மனதாரத்தான் சொல்கிறேன். எனக்கு இனி எழுதாதே.

அன்றைக்குக் கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்தில் நான் நின்றபோது நீ காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "ஏறு யோகம், கல்லல்ல விட்டுட்டுப் போறேன்," என்றாய். நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாய். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. நல்ல வெயில். நின்றே இருந்தேன்.

யோகலட்சுமி